நான்கு டாப் குவார்க்குகளும் நாளிதழ்ச் செய்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். ஜெனீவாவை ஒட்டி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்துள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவி, 2012 இல் ஹிக்ஸ் போசானைக் கண்டறிந்த பின்னர் குறிப்பிடத்தக்க எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று அக்கட்டுரை கூறுகிறது. பொதுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வைப் பார்த்து இத்தகைய கேள்வியை எழுப்புவது பத்திரிகையின் கடமைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதுவரை அங்கே நடந்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பதே முறை. கனமான துகள்கள் மிக அரிதாக உருவாகும் நிகழ்வுகளைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை, அதில் கிடைத்தவையும் கிடைக்காதவையும் எவ்வாறு கணக்கில் வருகின்றன என்பதை, பல ஆண்டுகளாக நான் ஆர்வத்தோடு கவனித்து வரும் நான்கு டாப் குவார்க் தேடலைக் கொண்டு விளக்க இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

2023 மார்ச் மாதம் இத்தாலியில் நடந்த மோரியாண்ட் மாநாட்டில், அந்த மோதுவியில் உள்ள அட்லஸ், சிஎம்எஸ் என்ற கருவிகளை இயக்கும் இரு ஆய்வுக் குழுக்களும் ஒரே மோதலில் நான்கு டாப் குவார்க்குகள் உருவாவதைக் கண்டறிந்துவிட்டதாகத் தனித்தனியே அறிவித்தன. நமக்குத் தெரிந்த அடிப்படைத் துகள்களிலேயே மிகக் கனமானது டாப் குவார்க். துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகில் சொன்னால், அதன் நிறை ஏறத்தாழ 173 கிகா எலக்ட்ரான்வோல்ட். அதாவது, உள்ளுறுப்பு எதுவும் இருப்பதாகத் தெரியாத அந்த ஒற்றைத் துகள் கிட்டத்தட்ட ஒரு முழு டங்ஸ்டன் அணுவின் எடை கொண்டது. அத்தகைய நான்கு துகள்கள் ஒரே நேரத்தில் பிறக்க வேண்டுமானால் சுமார் 700 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் நிறையாகவே மாற வேண்டும். மோதுவியில் அப்போது மோதிய புரோட்டான்களின் மொத்த ஆற்றல் 13,000 கிகா எலக்ட்ரான்வோல்ட் என்பதால் இது எளிது என்று தோன்றலாம். உண்மையில் மோதிக்கொள்பவை புரோட்டான்களுக்குள் இருக்கும் குளுவான்களும் குவார்க்குகளும்தான். புரோட்டானின் ஆற்றலில் பெரும்பாலும் சிறு பங்கையே அவை ஒவ்வொன்றும் சுமக்கின்றன. போதிய ஆற்றலுள்ள இரு குளுவான்கள் நேருக்கு நேர் சந்திப்பதே அரிது. சந்தித்தாலும் அவற்றிலிருந்து இரண்டு டாப் குவார்க்குகளும் அதே நிறையும் எதிர்மாறான மின்னூட்டமும் கொண்ட இரண்டு எதிர் டாப் குவார்க்குகளும் சேர்ந்து வெளிவருவது அதைவிட அரிது.

எவ்வளவு அரிது என்பதை எண்களே சொல்லும். 2015 முதல் 2018 வரை அட்லஸ் கருவிக்குள் நிகழ்ந்த புரோட்டான் மோதல்கள் சுமார் நூறு கோடி கோடி. அவற்றில் டாப் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் இணையாகப் பிறந்தவை 11 கோடிக்கு மேல். நான்கு டாப் குவார்க்குகள் பிறந்திருக்க வேண்டியவை, கோட்பாட்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 1,700 மட்டுமே. டாப் குவார்க்கின் ஆயுளோ ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியாகப் பிரித்தாலும் பிடிபடாத அளவு குறுகியது. ஆகவே அதை எந்தக் கருவியும் நேரடியாகப் பார்ப்பதில்லை. அது சிதைந்து விட்டுச் செல்லும் துகள்களிலிருந்துதான் அது இருந்ததை ஊகித்தறிய வேண்டும்.

அந்த ஊகத்தில்தான் இந்தத் தேடலின் முழு நுட்பமும் இருக்கிறது. ஒவ்வொரு டாப் குவார்க்கும் ஒரு பாட்டம் குவார்க்காகவும் ஒரு டபிள்யூ போசானாகவும் சிதைகிறது. டபிள்யூ போசான் மூன்றில் இரு பங்கு நேரங்களில் குவார்க்குகளாகச் சிதைந்து, கருவியில் துகள் தாரைகளாகப் பதிவாகும். எஞ்சிய நேரங்களில் எலக்ட்ரான், மியூயான், டாவ் ஆகிய லெப்டான்களில் ஒன்றையும் ஒரு நியூட்ரினோவையும் தரும். தாரைகள் புரோட்டான் மோதல்களில் எங்கும் மலிந்து கிடப்பவை. அவற்றை மட்டும் நம்பினால் எதையும் பிரித்தறிய இயலாது. எனவே ஆய்வாளர்கள் ஒரு நுண்ணிய தடயத்தைப் பற்றிக்கொண்டார்கள். டாப் குவார்க் ஒன்றும் அதன் எதிர்த்துகள் ஒன்றும் மட்டுமே பிறந்தால், அவற்றின் டபிள்யூ போசான்கள் தரும் இரு லெப்டான்களில் ஒன்று நேர்மின்னூட்டமும் மற்றது எதிர்மின்னூட்டமும் கொண்டிருக்கும். நான்கு பிறந்தாலோ, ஒரே மின்னூட்டமுள்ள இரு லெப்டான்கள் வெளிவர வழி உண்டு. மூன்று அல்லது நான்கு லெப்டான்கள் வரவும் வழி உண்டு. இவ்வாறு ஒரே குறி கொண்ட இரு லெப்டான்களோ, மூன்றோ அதற்கு மேலோ உள்ள நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நான்கு டாப் குவார்க் நிகழ்வுகளில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1,700 என்பது இருநூற்றுச் சொச்சமாகக் குறைந்துவிடும். கருவியின் திறனையும் கணக்கிட்டால் இன்னும் குறையும். ஆனால் அந்த இழப்பின் மூலம், 11 கோடி இணைப் பிறப்புகளின் பெரும் இரைச்சல் ஏறக்குறைய முழுவதும் விலகிவிடுகிறது. எண்ணிக்கையை விட்டுக்கொடுத்துத் தெளிவைப் பெறும் இந்த முடிவை, துகள் இயற்பியலின் மிக அழகிய முடிவுகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

அப்படியும் போலிகள் வரும். இரு டாப் குவார்க்குகளுடன் ஒரு டபிள்யூ போசானோ, இசட் போசானோ, ஹிக்ஸ் போசானோ சேர்ந்து பிறந்தால் அதுவும் இதே தோற்றத்தைத் தரும். பாட்டம் குவார்க்கின் சிதைவிலிருந்து தற்செயலாக வரும் ஒரு மியூயான், டபிள்யூ போசானிலிருந்து வந்ததைப் போலத் தோன்றலாம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கருவி மாற்றிப் படித்துவிடலாம். இவை ஒவ்வொன்றும் எத்தனை முறை நிகழும் என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொண்ட பிறகே, அதற்கு மேல் மிகுதியாக ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க முடியும். அதிலும், எதிர்பார்க்கும் நிகழ்வுகள் செறிந்திருக்கும் பகுதியின் தரவை முதலிலேயே பார்ப்பதில்லை. தேர்வு விதிகளையும் பின்னணிக் கணக்கையும் முடிவு செய்த பிறகே அதைத் திறக்கிறார்கள். தம் விருப்பம் தம் கணக்கைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக அறிவியலாளர்கள் தாமே தம் கண்களைக் கட்டிக்கொள்ளும் இந்த ஒழுங்கு, வாசகர்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி என்பது என் எண்ணம்.

இனி, தங்கள் கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 2018 இன் முடிவில் மோதுவி நீண்ட பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் திரட்டிய தரவு முழுவதையும் கொண்டு சிஎம்எஸ் குழு 2019 இல் வெளியிட்ட முடிவு 2.6 சிக்மா அளவே உறுதி கொண்டது. ஒரு முடிவு தற்செயலாக நேர்ந்ததாக இருக்க எவ்வளவு வாய்ப்பு குறைவு என்பதைக் காட்டும் அளவுகோல் சிக்மா. இயற்பியலாளர்கள் 3 சிக்மாவைச் சான்று என்றும், தற்செயலாக நேர்வதற்குச் சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பே உள்ள 5 சிக்மாவைக் கண்டறிதல் என்றும் ஏற்பது வழக்கம். ஆக 2.6 என்பது அறிவிக்கத் தகுந்த எதுவும் இல்லை என்பதற்குச் சமம். அடுத்த ஆண்டு அட்லஸ் குழு 4.3 சிக்மாவை எட்டியது; அதுவும் சான்று மட்டுமே. 2023 இல் சிஎம்எஸ் 5.6 சிக்மாவையும், அட்லஸ் 6.1 சிக்மாவையும் அறிவித்தபோது, இரு குழுக்களும் பயன்படுத்தியது 2018 உடன் முடிந்த அதே தரவுதான். ஒரு புதிய மோதல்கூடச் சேர்க்கப்படவில்லை. மாறியவை முறைகள்: பாட்டம் குவார்க்குகளின் தாரைகளை அடையாளம் காணும் நிரல்கள் கூர்மையாகின, உண்மையான லெப்டான்களைப் போலிகளிலிருந்து பிரிக்கும் வழிகள் மேம்பட்டன, ஒரு நிகழ்வில் உள்ள துகள்களுக்கிடையேயான தொடர்புகளை ஒரு வலையாகக் கொண்டு கற்கும் நரம்பியல் வலைப்பின்னலை அட்லஸ் பயன்படுத்தியது, பின்னணிக் கணக்குகள் திருத்தமாயின. மோதுவி ஓய்ந்திருந்த ஆண்டுகளில் எதுவும் நடக்கவில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றியபோது, பெரும்பாலும் இளம் ஆய்வு மாணவர்கள் இரவும் பகலும் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கண்டறிந்த எண்ணையும் கவனமாகச் சொல்ல வேண்டும். துகள் இயற்பியலின் செந்தரக் கோட்பாட்டின்படி இந்நிகழ்வின் அளவு ஏறத்தாழ 12 ஃபெம்டோபார்ன் (மோதலில் ஒரு நிகழ்வு நேரும் வாய்ப்பை அளக்கும் அலகு). அந்தக் கணக்கிலேயே இருபது விழுக்காடு வரை ஐயம் உண்டு. அட்லஸ் அளந்தது 22.5, சிஎம்எஸ் அளந்தது 17.7. இரண்டுமே கோட்பாட்டை விட அதிகம். இரண்டிலும் பிழை எல்லை பெரிது. அட்லஸின் விலகல் 2 சிக்மாவுக்கும் குறைவு, சிஎம்எஸின் விலகல் அதைவிடச் சிறியது. எனவே இயற்பியல் விதிகள் உடைந்தன என்று தலைப்பிடவும் இடமில்லை, எல்லாம் பழையபடியே இருக்கிறது என்று கடந்துபோகவும் இடமில்லை. மேலும், மூன்று டாப் குவார்க்குகள் பிறக்கும், இன்னும் அரிதான ஒரு நிகழ்வு உண்டு. கருவியில் அது நான்கு பிறந்த நிகழ்வைப் போன்றே தோன்றும். இரண்டையும் இன்றைய தரவில் நன்றாகப் பிரிக்க முடியவில்லை. அந்த மிகுதியில் ஒரு பகுதி அதனுடையதாகவும் இருக்கக்கூடும் என்பதைக் குழுக்கள் மறைக்கவில்லை.

கிடைக்காதது ஏன் முக்கியம் என்பதற்கு டாப் குவார்க்கின் சொந்த வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. 1977 இல் பாட்டம் குவார்க் கண்டறியப்பட்டதுமே அதற்கு இணையான ஒன்று இருந்தாக வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மோதுவிகள் தேடின, கிடைக்கவில்லை. 1984 இல் செர்னின் யூஏ1 குழு, 40 கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவில் டாப் குவார்க்கின் அறிகுறி தெரிவதாக அறிவித்தது. பின்னர் தரவு கூடி, பின்னணி நிகழ்வுகளைப் பற்றிய புரிதல் திருந்தியதும் அந்த அறிகுறி மறைந்தது. தொடர்ந்து ஒவ்வொரு சோதனையும் இந்த நிறைக்குக் கீழே டாப் குவார்க் இல்லை என்று எல்லையை உயர்த்திக்கொண்டே வந்தது. 1994 இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் டி சீரோ குழு வகுத்த எல்லை 131 கிகா எலக்ட்ரான்வோல்ட். இன்னொரு புறம், செர்னின் லெப் மோதுவியில் செய்யப்பட்ட நுண்ணிய அளவீடுகள், அந்தத் துகள் மிகக் கனமானதாகவே இருக்க வேண்டும் என்று மறைமுகமாகச் சுட்டின. இறுதியில் 1995 மார்ச் மாதம் ஃபெர்மி ஆய்வகத்தின் டெவட்ரான் மோதுவியில் சிடிஎஃப், டி சீரோ ஆகிய இரு குழுக்களும் அதைக் கண்டன. பதினெட்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வந்த இல்லை என்ற விடைகள்தான், எங்கே தேட வேண்டும் என்பதைச் சுருக்கிக் கொடுத்தன. அவற்றைத் தோல்விகள் என்று அன்று எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

நான்கு டாப் குவார்க்குகளின் தேடலும் இதே வகையில் பயன் தருகிறது. டாப் குவார்க்குக்கும் ஹிக்ஸ் போசானுக்கும் இடையிலான பிணைப்பு மற்றெந்தத் துகளுக்கும் இல்லாத அளவு வலுவானது. அப்பிணைப்பு எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தால் இந்நிகழ்வின் எண்ணிக்கை கூடியிருக்கும். டாப் குவார்க்குகளையே நாடிச் சிதையும் கனமான இன்னொரு ஹிக்ஸ் துகள் இருந்தாலும் கூடியிருக்கும். தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் இன்னொரு இணைத்துகள் உண்டு என்னும் மீச்சமச்சீர்க் கோட்பாடு முன்மொழியும் குளுவினோ என்ற கனத்த துகள்கள் இணையாகப் பிறந்து சிதைந்தாலும், நான்கு டாப் குவார்க்குகளோடு மேலும் சில துகள்கள் வந்திருக்கும். அவற்றைத் தேடியும் கிடைக்காததால், எளிமைப்படுத்திய பல மாதிரிகளில் 2,000 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே குளுவினோ இல்லை என்பது இன்று உறுதி. அறிஞர்கள் இருபது, முப்பது ஆண்டுகளாக நம்பி வளர்த்த பல கோட்பாடுகள் இவ்வாறு விலக்கப்பட்டிருக்கின்றன. அந்த விலக்கல் ஒரு செய்தி. அதைத் தங்கள் கட்டுரை எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்ற ஒரு வரியில் அடக்கிவிட்டது.

எதிர்த்திசையிலும் பத்திரிகைகள் தவறியதுண்டு. 2015 டிசம்பரில் இரு குழுக்களும் 750 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே இரு ஒளியன்களாக (ஒளித் துகள்களாக) சிதையும் ஏதோ ஒன்றின் சிறு மிகுதியைக் காட்டின. அட்லஸில் அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 4 சிக்மா. தேடிய நிறைகள் அனைத்தையும் கருத்தில் கொண்டால் 2 சிக்மாவை ஒட்டியது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி அங்கே இன்று யாருக்கேனும் பிறந்தநாளா என்று கேட்டால் ஆம் என்ற விடை வியப்பு தரும். முந்நூறு வீடுகளில் கேட்டு ஒன்றில் ஆம் என்றால் அதில் வியப்பில்லை. இந்த வேறுபாட்டைச் செய்திகள் பலவும் சொல்லவில்லை. சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் புதிய தரவு வெளியானபோது அந்த மிகுதி இல்லாமல் போயிற்று. கருவிகள் பழுதாகவும் இல்லை, எவரும் ஏமாற்றவும் இல்லை. அரிய நிகழ்வுகளை எண்ணும்போது இப்படியும் நேரும். ஆனால் புதிய துகள் என்ற செய்தி பெற்ற இடத்தில் ஒரு பங்குகூட அது மறைந்த செய்திக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றைத் தேடும்போது வேறொன்று கிடைப்பதும் உண்டு. டாப் குவார்க் இணையாகச் சிதையும் கனமான புதிய ஹிக்ஸ் துகளைத் தேடிய சிஎம்எஸ் குழு, இரு டாப் குவார்க்குகள் பிறப்பதற்குப் போதுமான குறைந்தபட்ச ஆற்றலை ஒட்டி ஒரு தெளிவான மிகுதியைக் கண்டு 2025 இல் அறிவித்தது; அதே ஆண்டில் அட்லஸும் அதை உறுதிப்படுத்தியது. டாப் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் சிதைவதற்கு முன் கணநேரம் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்வதாக இது விளங்கிக்கொள்ளப்படுகிறது. கோட்பாட்டாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கணித்திருந்தபோதும், புரோட்டான் மோதுவியில் இது புலப்படும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை. வேறு விளக்கங்களுக்கான இடம் இன்னும் முற்றாக அடைபடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2012 க்குப் பிறகு எதுவும் இல்லை என்று எழுதும் எவரும் இதை எங்கே வைப்பார்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

இது நமக்குத் தொடர்பற்ற செய்தியும் அன்று. 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. அதற்கு ஆண்டுதோறும் நம் வரிப்பணமும் செல்கிறது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு, சென்னையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சிஎம்எஸ் குழுவில் உறுப்பு வகிக்கிறது. தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இத்துறைக்குள் செல்ல நினைக்கும்போது, அவருடைய பெற்றோர் படிப்பது தங்களைப் போன்ற நாளிதழ்களைத்தான். அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் அவர்களுக்கு ஏற்பட்டால், ஒரு மாணவரின் வழி அடைபடும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. இத்தகைய முடிவுகளை வெளியிடும்போது, கண்ட அளவோடு கோட்பாடு எதிர்பார்த்த அளவையும் பிழை எல்லையையும் சேர்த்து அச்சிடுங்கள். சிக்மா எண்ணைக் கொடுத்தால் அது ஓரிடத்துக்கு உரியதா, தேடல் முழுவதுக்கும் உரியதா என்று சொல்லுங்கள். ஒரு குழுவின் முடிவை மற்றக் குழு உறுதிசெய்துவிட்டதா என்பதையும் குறிப்பிடுங்கள். புதிய துகள் என்று முன்பு எழுதிய ஒன்று மறைந்துபோனால், அதே பக்கத்தில் அதையும் எழுதுங்கள்.

2022 ஜூலை முதல் மோதுவி 13,600 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் இயங்கித் திரட்டியுள்ள தரவு, முந்தைய தரவைவிடப் பெரிது. ஆற்றல் சற்றே கூடியதால் நான்கு டாப் குவார்க் நிகழ்வுகளும் கூடுதலாக அதில் இருக்கும். மேம்படுத்திய மோதுவி 2030 ஐ ஒட்டி இயங்கத் தொடங்கிய பிறகு, 2015–2018 தரவைப்போல் இருபது மடங்கு திரட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். 22.5, 17.7 என்ற அந்த இரு எண்களும் கோட்பாட்டின் கணக்கை நோக்கி இறங்குமா, அங்கேயே நின்று பிழை எல்லை மட்டும் சுருங்குமா என்பதைப் புதிய தரவுதான் காட்டும். அம்முடிவுகள் வெளியாகும்போது, விடை எதுவாக இருந்தாலும், தங்கள் அறிவியல் பக்கத்தில் அதற்கு உரிய இடம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர்,
திருச்சிராப்பள்ளி.